192 எம்.பி.யில் ஓர் இயங்குதளம்



2008 செப்டம்பர் 23ஆம் நாள் நியூயார்க்கில் ஒரு கைபேசியை அறிமுகப்படுத்தினார்கள். தைவானைச் சேர்ந்த எச்டிசி நிறுவனம் செய்தது. அமெரிக்காவில் டி-மொபைல் ஜி1 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தால் 179 டாலர். அக்டோபர் 22 அன்று கடைகளுக்கு வந்த அந்தக் கைபேசிக்குள் ஓடியதுதான் ஆண்ட்ராய்டு 1.0. இன்று உலகில் மிக அதிகமான கைபேசிகளில் ஓடும் இயங்குதளத்தின் முதல் பொதுப் பதிப்பு அது.

அதில் என்னவெல்லாம் இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திரையில் தோன்றும் விசைப்பலகை இல்லை. ஒரே ஓர் எழுத்தைத் தட்டுவதென்றாலும் திரையைப் பக்கவாட்டில் தள்ளி, அடியில் ஒளிந்திருக்கும் விசைப்பலகையை வெளியே கொண்டுவர வேண்டும். வீடியோ எடுக்க முடியாது. இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்க முடியாது. காசு கொடுத்து வாங்கும் செயலி ஒன்றுகூடக் கிடையாது. அந்த வசதி 2009 பிப்ரவரியில்தான் வந்தது. சாதாரண ஹெட்போனைச் செருகத் துளையும் இல்லை. ஓராண்டுக்கு முன்பே வந்திருந்த ஐபோனைப் பார்த்துவிட்டு இதைக் கையில் எடுத்தவர்களுக்கு இது அரைகுறை வேலையாகத்தான் தெரிந்தது.

இந்தப் பட்டியலைப் போடுவது எளிது. முதல் பதிப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறார்கள். இல்லாதவை எல்லாம் அடுத்தடுத்த பதிப்புகளில் வந்து சேர்ந்துவிட்டன. முதல் பதிப்பில் தீர்மானிக்கப்பட்டவையோ அப்படி மாறவில்லை. நல்லவை, கெட்டவை இரண்டுமே பத்தாண்டு, பதினைந்தாண்டு கூடவே வந்தன. ஆண்ட்ராய்டு 1.0இல் அப்படி எவை தீர்மானிக்கப்பட்டன, ஏன் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 2003 அக்டோபரில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஆண்டி ரூபின், ரிச் மைனர், நிக் சியர்ஸ், கிறிஸ் வைட் ஆகிய நால்வர் ஆண்ட்ராய்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் மனத்தில் வைத்திருந்தது டிஜிட்டல் கேமராவுக்கான மென்பொருளை. கேமராச் சந்தை போதாது என்று தெரிந்ததும் கைபேசிக்கு மாறினார்கள். இதை ரூபினே 2013இல் டோக்கியோவில் சொன்னார். 2005இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது.

கூகுளுக்குள் அவர்கள் முதலில் உருவாக்கிய கைபேசியின் உள்பெயர் ‘சூனர்’. தொடுதிரை கிடையாது, பிளாக்பெர்ரிபோல கீழே விசைப்பலகை, மேலே சிறிய திரை. அதோடு தொடுதிரை வைத்த ‘ட்ரீம்’ என்ற இன்னொரு கருவியும் திட்டத்தில் இருந்தது. 2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை மேடையில் காட்டினார். அதன்பின் சூனரைக் கைவிட்டு, ட்ரீமை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். ஜி1 என்று விற்பனைக்கு வந்தது அந்த ட்ரீம்தான். இந்த மாற்றத்தை ‘ஐபோனைப் பார்த்து அடித்த காப்பி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். முகப்பைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அடித்தளத்தில் இருந்தவர்கள் வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள். பீ இன்க், பாம்சோர்ஸ், டேஞ்சர் ஆகிய நிறுவனங்களில் சின்னச் சின்னக் கருவிகளுக்கு இயங்குதளம் எழுதிக் கைதேர்ந்தவர்கள் அவர்கள். ரூபினே டேஞ்சரைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த நிறுவனத்தின் சைட்கிக் கைபேசியும் திரையை நகர்த்தி விசைப்பலகையைத் திறக்கும் வகைதான். ஐபோன் வருவதற்கு முன்பே அவர்கள் சிந்தித்து முடித்திருந்த கேள்வி ஒன்று உண்டு: இடமில்லாத கருவியில் பல செயலிகளை ஒன்றாக ஓட்டுவது எப்படி?

எவ்வளவு இடம் என்று பாருங்கள். ஜி1இல் இருந்தது குவால்காமின் 528 மெகாஹெர்ட்ஸ் சில்லு. ரேம் நினைவகம் 192 எம்.பி. உள்சேமிப்பு 256 எம்.பி.; அதிலும் பெரும்பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொண்டது. திரை 3.2 அங்குலம், 320க்கு 480 புள்ளிகள். இன்று உங்கள் கைபேசியில் எட்டோ பன்னிரண்டோ ஜி.பி. ரேம் இருக்கும். இன்று ஓர் அரட்டைச் செயலி மட்டும் எடுத்துக்கொள்ளும் நினைவகத்தில் அன்று முழுக் கைபேசியும் ஓடியாக வேண்டும்: அழைப்பு, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், உலாவி, வரைபடம், பாட்டு எல்லாம். இவற்றோடு, யாரோ எங்கோ எழுதப்போகும் செயலிகளும்.

ஒன்றரை அறை வீட்டில் எட்டுப் பேர் வாழ்கிற குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பகலில் கூடமாக இருக்கும் இடம் இரவில் படுக்கையறை ஆகும். பாயைச் சுருட்டி வைத்தால்தான் இலை போட இடம் கிடைக்கும். அங்கே யாருக்கும் நிரந்தர இடம் இல்லை. ஆனால் யாருடைய பொருள் எந்த மூலையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்ட்ராய்டு 1.0இன் மையமான தீர்மானம் இதுதான். எந்தச் செயலியையும் எந்த நேரத்திலும் கொன்றுவிட இயங்குதளத்துக்கு உரிமை உண்டு. ஆனால் கொல்லப்பட்டது பயனருக்குத் தெரியக்கூடாது.

இதைச் செய்த விதம் அழகானது. ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலுக்குள் ‘லோ மெமரி கில்லர்’ என்ற ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். ஓடுகிற செயலிகளை அது வரிசைப்படுத்தி வைத்திருக்கும்: இப்போது திரையில் இருப்பது, ஓரளவு கண்ணுக்குத் தெரிவது, பின்னணியில் வேலை செய்வது, சும்மா தூங்குவது. நினைவகம் குறையக் குறையக் கடைசி வரிசையிலிருந்து பறிக்கத் தொடங்கும். ஆனால் ஒரு செயலி திரையை விட்டு விலகும்போதே, பிறகு கொல்லப்படக்கூடிய நிலைக்குப் போவதற்கு முன்பே, ‘உன் நிலையைச் சொல்லிவிட்டுப் போ’ என்று கேட்டு, அது கொடுக்கும் சிறு பொதியை இயங்குதளம் தன்னிடம் பத்திரப்படுத்திக்கொள்ளும். எந்தப் பக்கத்தில் இருந்தீர்கள், பெட்டியில் என்ன தட்டியிருந்தீர்கள் என்ற அளவில் சில பைட்டுகள்தான். நீங்கள் திரும்பி வந்தால் செயலியை மறுபடி பிறக்க வைத்து, அந்தப் பொதியை அதன் கையில் கொடுக்கும். நீங்கள் விட்ட இடத்திலிருந்தே தொடர்வீர்கள். இடையில் அது செத்துப் பிழைத்தது உங்களுக்குத் தெரியாது.

கணினியில் வளர்ந்த நிரலாளர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. கணினியில் ஒரு நிரலைத் திறந்தால், மூடும்வரை அது அங்கேயே இருக்கும். இங்கே அந்த உத்தரவாதம் கிடையாது. இன்றுவரை ஆண்ட்ராய்டு படிக்கும் எந்த மாணவரும் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது இந்த வாழ்க்கைச் சுழற்சியைத்தான். 12 ஜி.பி. ரேம் உள்ள கைபேசிக்குச் செயலி எழுதும் இன்றைய மாணவர், 192 எம்.பி. காலத்துக்குப் போட்ட விதிக்குக் கட்டுப்பட்டே எழுதுகிறார்.

இதற்குள் இன்னொரு சங்கதி இருக்கிறது. அதை நான் எந்த வகுப்பிலும் தவறவிடுவதில்லை. ஜி1இன் திரையைத் தள்ளி விசைப்பலகையைத் திறந்தால், நிமிர்ந்து நின்ற படம் கிடைமட்டமாக மாற வேண்டும். முதல் பதிப்பில் திரை சுழன்றது இப்படித்தான். கைபேசியைச் சாய்த்தால் தானாகச் சுழல்வது பிறகு வந்தது. சுழலும்போது என்ன செய்வது? திரையின் அளவு மாறிவிட்டது, அமைப்பு மாற வேண்டும். அவர்களிடம் ஏற்கெனவே கொன்று மறுபடி பிறக்க வைக்கும் வித்தை இருந்தது. அதையே இங்கும் பயன்படுத்தினார்கள். திரை சுழன்றால் அந்தப் பக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கு. திரையைத் தள்ள உதவிய அந்த ஒரு கீலுக்காகச் செய்த ஏற்பாடு, கீல் வைத்த கைபேசிகள் மறைந்த பின்பும் தொடர்ந்தது. ‘கைபேசியைத் திருப்பினால் நான் நிரப்பிய படிவம் காணாமல் போகிறது’ என்று பயனர்கள் புலம்பிய ஆயிரக்கணக்கான செயலிகளில் இருந்த பிழை, நிலையைச் சேமிக்க மறந்த நிரலாளரின் பிழை. ஆனால் அந்தப் பள்ளத்தைத் தோண்டி வைத்தது 2008.

அடுத்து, செயலிகள் பிறக்கும் விதம். ஆண்ட்ராய்டு செயலிகளை ஜாவா மொழியில் எழுதச் சொன்னார்கள். ஆனால் ஜாவா நிரல் ஓடுவதற்கு ஒரு மெய்நிகர் எந்திரம் வேண்டும். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக அதைத் தொடங்கினால் 192 எம்.பி. எந்த மூலைக்கு? டான் போர்ன்ஸ்டீன் இதற்கென்றே புதிதாக ஒரு மெய்நிகர் எந்திரத்தை எழுதினார். ஐஸ்லாந்தில் உள்ள டால்விக் என்ற மீன்பிடி ஊரின் பெயரை அதற்கு வைத்தார். வழக்கமான ஜாவாவில் ஒவ்வொரு வகுப்பும் தனித்தனிக் கோப்பு. ஒரே சொல் பத்து வகுப்பில் வந்தால் பத்து இடத்திலும் எழுதியிருக்கும். டால்விக் எல்லா வகுப்புகளையும் ஒரே கோப்பாகக் கட்டி, பொதுவானவற்றை ஒரே முறை எழுதி வைத்தது. சுருக்கப்பட்ட ஜாவா தொகுப்பைவிடச் சுருக்கப்படாத டால்விக் கோப்பு சற்றுச் சிறியதாகவே இருக்கும் என்று 2008இல் போர்ன்ஸ்டீன் அளந்து காட்டினார். ஜி1இல் ஒரு செயலிக்குக் கிடைத்த ஜாவா நினைவக உச்சவரம்பு 16 எம்.பி. என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள்.

ஸைகோட் என்ற ஏற்பாடும் உண்டு. கைபேசி விழித்தெழும்போதே ஒரே ஒரு மெய்நிகர் எந்திரத்தைத் தொடங்கி, எல்லாச் செயலிகளுக்கும் தேவைப்படும் பொது வகுப்புகளை அதில் முன்கூட்டியே ஏற்றி, காத்திருக்க வைப்பார்கள். நீங்கள் ஒரு செயலியைத் தொட்டவுடன் அது தன்னையே பிரதி எடுத்துப் பிரிந்துகொள்ளும். பிரதி என்றாலும் நினைவகத்தின் அந்தப் பக்கங்கள் எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கும். யாராவது ஒரு பக்கத்தைத் திருத்தினால்தான் அது மட்டும் தனியாகும். யூனிக்ஸில் பல்லாண்டுகளாக இருந்த பழைய உத்தியை இந்தச் சிறிய கருவிக்குக் கொண்டுவந்தார்கள். டால்விக் போய்விட்டது, 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 அதன் இடத்தில் வேறொன்றை வைத்தது. ஸைகோட் போகவில்லை. இன்று காலையில் உங்கள் கைபேசியில் நீங்கள் திறந்த முதல் செயலியும் ஸைகோட்டிலிருந்து பிரிந்து வந்ததுதான்.

ஜாவா மொழியைப் பயன்படுத்திவிட்டு, அதை உருவாக்கிய சன் நிறுவனத்தின் ஜாவா எந்திரத்தைப் பயன்படுத்தாமல் விட்டதற்கு உரிமக் காரணங்களும் இருந்தன. சன்னை வாங்கிய ஆரக்கிள் 2010இல் வழக்குத் தொடுத்தது. பத்தாண்டுக்கு மேல் இழுத்த வழக்கு. ஜாவாவின் ஏறத்தாழ 11,500 வரி அறிவிப்பு நிரலைக் கூகுள் எடுத்தாண்டது நியாயமான பயன்பாடே என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 1.0இன் தீர்மானங்களில் மிக அதிகமாகச் செலவு வைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். சட்டம் படிக்கும் மாணவர்கள் இங்கே இருந்தால் அந்தத் தீர்ப்பைப் படியுங்கள். மென்பொருளின் உட்புறத்தைப் பொறுமையாக விளக்கும் தீர்ப்பு.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆண்ட்ராய்டு 1.0இல் ஒரு செயலி இன்னொன்றைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டியதில்லை. ‘இந்தப் படத்தைக் காட்ட வேண்டும்’, ‘இந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்’, ‘இந்த முகவரியைத் திறக்க வேண்டும்’ என்று தன் தேவையை மட்டும் சொன்னால் போதும். அதைச் செய்யத் தெரிந்த செயலி எது என்று இயங்குதளம் தேடிப் பிடிக்கும். இரண்டு மூன்று இருந்தால் பயனரைக் கேட்கும். இதற்கு ‘இன்டென்ட்’ என்று பெயர். இதன் விளைவைக் கவனியுங்கள். கூகுள் எழுதிய உலாவிக்கும் நீங்கள் எழுதப்போகும் உலாவிக்கும் இயங்குதளத்தின் கண்ணில் வேறுபாடில்லை. முகப்புத் திரையேகூட இன்னொரு செயலிதான். அதை மாற்றிவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்ளலாம்.

அதே காலத்து ஐபோனை நினைத்துப் பாருங்கள். வெளியார் எழுதிய செயலிகளுக்கே 2008 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. அந்தச் செயலிகள் பின்னணியில் ஓட 2010 வரை காத்திருந்தன. ஆப்பிளின் வழி தவறென்று நான் சொல்லமாட்டேன். தொட்டால் வெண்ணெய்போல நகர்ந்த திரைக்காக அவர்கள் மற்றவற்றை விட்டுக்கொடுத்தார்கள். ஆண்ட்ராய்டு குழு அழகை விட்டுக்கொடுத்தது. செயலிகளுக்கு இடையிலான உறவை விட்டுக்கொடுக்கவில்லை. மேலே இருந்து விரலால் இழுத்தால் இறங்கும் அறிவிப்புத் திரையும் 1.0இலேயே இருந்தது. வந்த செய்தி, தவறிய அழைப்பு, முடிந்த பதிவிறக்கம் எல்லாம் ஒரே இடத்தில், செய்துகொண்டிருக்கும் வேலையைக் கெடுக்காமல். ஐபோனுக்கு அது 2011இல் வந்தது.

ஒவ்வொரு செயலியும் தனித்தனி லினக்ஸ் பயனராகப் பதிவானதும் 1.0இன் தீர்மானமே. ஒரே கணினியைப் பல பேர் பயன்படுத்தும்போது ஒருவர் கோப்பை மற்றவர் தொடக்கூடாது என்பதற்காக யூனிக்ஸில் வைத்திருந்த வேலியை, ஒரே ஆள் பயன்படுத்தும் கைபேசியில் செயலிகளுக்கு இடையே போட்டார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், இருக்கிற ஒன்றின் பொருளை மாற்றிப் பாதுகாப்பைக் கட்டிய இந்த யோசனையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அப்படி வேலி போட்டவர்களே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள் என்பது 2008 நவம்பரில் தெரிந்தது. பொறியாளர்கள் சோதனைக்காக ஜி1இன் விசைப்பலகையை முழு அதிகாரமுள்ள ஒரு கட்டளைச் சாளரத்தோடு இணைத்திருந்தார்கள். விற்பனைக்குப் போன கைபேசியிலும் அந்த இணைப்பு அப்படியே இருந்தது. திரையில் எந்தச் செயலி இருந்தாலும், நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாளரத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. எண்டரைத் தட்டி, ‘ரீபூட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, மறுபடி எண்டரைத் தட்டினால் கைபேசி அணைந்து மீண்டும் எழும். நண்பருக்கு அனுப்பும் செய்தியில் எழுதினாலும் அதே கதிதான். விரைவிலேயே திருத்தம் அனுப்பிவிட்டார்கள். அதே ஓட்டையின் வழியாக உள்ளே புகுந்து கைபேசியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றிய ஆர்வலர்கள் தொடங்கியதுதான் ஜி1ஐத் தாங்களே மேம்படுத்தும் பழக்கம். அதிகாரபூர்வமாக 1.6 பதிப்போடு ஜி1 நின்றுவிட்டது. சயனோஜென்மாட் என்ற பெயரில் ஆர்வலர்கள் உருவாக்கிய பதிப்பு அதே கருவியில் 2.2 வரை ஓடியது.

ஆனால் அந்த ஓட்டை சில நாள் பிரச்சினை. பல ஆண்டுகள் நீடித்த பிரச்சினைகள், யாரும் பிழை என்று நினைக்காமல் எடுத்த முடிவுகளிலிருந்து வந்தவை. இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, நினைவக அட்டை. உள்சேமிப்பு மிகக் குறைவு என்பதால் படங்கள், பாட்டுகள் எல்லாம் மைக்ரோ எஸ்டி அட்டைக்குப் போயின. அந்த அட்டையைக் கழற்றிக் கணினியில் செருகினால் படிக்க வேண்டும். ஆகவே பழைய ஃபேட் முறையில்தான் அதை வடிவமைக்க முடியும். அந்த முறையில் கோப்புக்கு உரிமையாளர் என்ற ஒன்றே கிடையாது. நான் சற்றுமுன் புகழ்ந்த வேலி அட்டையின் வாசலில் நின்றுபோனது. 1.0இல் எந்தச் செயலியும் எந்த அனுமதியும் கேட்காமல் அட்டையில் உள்ள எதையும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். 1.6இல் எழுதுவதற்கு அனுமதி தேவை என்றார்கள். படிப்பதற்கு அனுமதியைக் கட்டாயமாக்கியது 2013இல் வந்த 4.4இல். ஒரு செயலி தன் கோப்புகளை மட்டுமே பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கை 2019இல் ஆண்ட்ராய்டு 10இல்தான் தொடங்கினார்கள். உடனே எத்தனையோ செயலிகள் உடைந்தன, நிரலாளர்கள் கோபப்பட்டார்கள். உங்கள் குடும்பப் படங்களை ஒரு டார்ச் லைட் செயலி புரட்டிப் பார்க்க முடிந்த அந்தப் பத்தாண்டுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, அனுமதி கேட்கும் முறை. செயலியை நிறுவும்போது ஒரு நீண்ட பட்டியலைக் காட்டுவார்கள்: தொடர்புகளைப் படிக்கும், இருப்பிடத்தை அறியும், இணையத்தை அணுகும். எல்லாவற்றுக்கும் சரி என்றால் நிறுவலாம். ஒன்று பிடிக்காவிட்டாலும் மொத்தமாக விட்டுவிட வேண்டும். அன்று இதை எழுதியவர்கள் நேர்மையாகத்தான் யோசித்தார்கள். பயனருக்கு முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம் என்று நம்பினார்கள். நடந்தது என்ன? யாரும் படிக்கவில்லை. எல்லோரும் சரி என்று தட்டினார்கள். தட்டுவார்கள் என்று தெரிந்ததும் செயலி எழுதியவர்கள் தேவைக்கு மேல் கேட்கத் தொடங்கினார்கள். தேவைப்படும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை 2015இல் 6.0இல் வந்தது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் கோடிக்கணக்கானோர் முதன்முதலாக ஸ்மார்ட்போன் வாங்கினார்கள். கேட்டால் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவர்கள் கற்ற முதல் பாடம். மென்பொருளைப் பிறகு திருத்திவிடலாம். அந்தப் பழக்கத்தை இன்னும் திருத்த முடியவில்லை. மோசடிச் செயலிகள் இன்றும் அதை நம்பித்தான் இயங்குகின்றன.

இப்போது தமிழுக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு 1.0க்கு எழுத்துருக்களை வரைந்தவர் ஸ்டீவ் மாட்டிசன். ட்ராய்டு என்ற குடும்பப் பெயரில் இலத்தீன், கிரேக்கம், சிரிலிக் எழுத்துகளும், கிழக்காசிய எழுத்துகளுக்கான ஓர் எழுத்துருவும் இருந்தன. தமிழ் இல்லை, வேறு எந்த இந்திய எழுத்தும் இல்லை. தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் வரிவரியாகக் கட்டங்கள் வரும். எழுத்துரு ஒன்றைச் சேர்த்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறியில் முதலில் ககரம், அதன்பின் ஒகரக் குறி என்ற வரிசையில்தான் அது சேமிக்கப்படும். காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்ய ஒரு தனி எந்திரம் வேண்டும். 1.0இல் அது இல்லை. ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம், இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போ என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒழுங்கு. எழுத்துரு இருந்தாலும் கொம்பு இடம் மாறித் தொங்கும்.

இதை அவமதிப்பு என்று நான் பார்க்கவில்லை. அமெரிக்காவில் விற்க ஒரு கைபேசியை அவசரமாக முடித்துக்கொண்டிருந்த சிறிய குழு அது. ஆனால் விளைவு நம் தலையில் விழுந்தது. அந்த ஆண்டுகளில் கைபேசியில் தமிழ் படிக்க விரும்பியவர்கள் ஓபரா மினி உலாவியை வைத்துக்கொண்டு, அதன் உள்ளமைப்புப் பக்கத்துக்குப் போய் ஓர் அமைப்பை மாற்றுவார்கள். அதன்பின் ஓபராவின் வழங்கி, தமிழ் எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்பும். படம் என்பதால் எந்தக் கைபேசியிலும் சரியாகத் தெரியும். அந்த வழியைத் தமிழ் வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். 2011க்குப் பிறகு வந்த பதிப்புகளில்தான் ஆண்ட்ராய்டு இந்திய எழுத்துகளைப் படிப்படியாகச் சரியாகக் காட்டத் தொடங்கியது.

எழுதுவதில் நடந்தது வேறு கதை. 2009 ஏப்ரலில் வந்த 1.5இல் திரை விசைப்பலகையைச் சேர்த்தார்கள். சேர்க்கும்போது, 1.0இல் முகப்புத் திரைக்கும் உலாவிக்கும் வைத்த அதே ஒழுங்கை இதற்கும் வைத்தார்கள். விசைப்பலகையும் ஒரு செயலிதான், யார் வேண்டுமானாலும் எழுதலாம், பயனர் மாற்றிக்கொள்ளலாம். மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இலேயே கைபேசிகளுக்குச் செல்லினம் என்ற தமிழ்ச் செயலியை உருவாக்கியிருந்தார். ஆண்ட்ராய்டில் அது எல்லாச் செயலிகளிலும் தமிழை உள்ளிடும் விசைப்பலகையாக இயங்க முடிந்தது. அதைப்போலவே வேறு பலரும் தமிழ் விசைப்பலகைகளைச் செய்தார்கள். கூகுளிடம் யாரும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெளியார் செய்த விசைப்பலகையை ஐபோன் ஏற்றுக்கொண்டது 2014இல் வந்த ஐஓஎஸ் 8இல்தான். அதற்கு முன்பு பல ஆண்டுகள் அங்கே ஒரு செயலிக்குள் தமிழில் எழுதி, நகலெடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. தமிழ் என்று ஒரு மொழி இருப்பதையே கணக்கில் எடுக்காத முதல் பதிப்பு, செயலிகள் எல்லாம் சமம் என்று போட்ட ஒரு விதியால் தமிழ் எழுத வழி விட்டது. அந்தப் பதிப்பின் மேல் எனக்கிருக்கும் மதிப்புக்கு இதுவே பெரிய காரணம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜி1 விற்பனைக்கு வருவதற்கு முந்தைய நாள், 2008 அக்டோபர் 21 அன்று, மூலநிரலை, பெரும்பாலும் அப்பாச்சி உரிமத்தின்கீழ், வெளியிட்டார்கள். கிட் களஞ்சியத்தில் அதன் முதல் பதிவை இன்றும் நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். மொத்தத்தையும் படிக்க முயல வேண்டாம், திணறிப்போவீர்கள். ஸைகோட்டைத் தொடங்கும் கோப்பை முதலில் எடுங்கள்; எந்தெந்த வகுப்புகளை முன்கூட்டியே ஏற்றினார்கள் என்ற பட்டியல் அதன் அருகிலேயே இருக்கும். பிறகு லோ மெமரி கில்லர். சில நூறு வரிகள்தான், சி மொழி தெரிந்தால் ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். அதன்பின், செயலிகளின் வாழ்க்கைச் சுழற்சியை நடத்தும் ஆக்டிவிட்டி மேலாளர். அது பெரியது, ஒரு பருவம் முழுக்க வேண்டும். இன்றைய பதிப்பில் ஸைகோட், ஆக்டிவிட்டி மேலாளர் கோப்புகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வரிகள் அப்படியே இருக்கின்றன என்று குறித்துக்கொண்டே வாருங்கள். குறித்ததைத் துறையில் கொண்டுவந்து காட்டினால் நாம் உட்கார்ந்து பேசலாம்.